நோட்டில் ஏறாத வானம்பாடி

ஜனவரி 12

என் தங்கைக்கு, அண்ணன் தன் கையால் எழுதும் கடிதம். நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது?

முதல் வரியை இன்னொரு தரம் படித்துப் பார். "தன் கையால்." எழுபத்தொரு வயதில் எழுதியிருக்கிறேன். இந்த இடம் வரை வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று, இரண்டு தாள் குப்பைக்குப் போயிற்று.

இத்தனை வருஷம் நீ எழுதியதையெல்லாம் மில் குமாஸ்தாதான் எனக்கு வாசித்தார். உன் வீட்டுக்காரர் இறந்த செய்தியைப் பல் குத்திக்கொண்டே வாசித்தார். "அப்புறம், உன் தங்கச்சி புருஷன் போயிட்டாராம்யா" என்று சொல்லிவிட்டு மறுபடி பல்லைக் குத்தினார். என் தங்கை எழுதுவதை இனி நானே படிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். முடிவு செய்து பதினோரு வருஷம் கழித்து நூலகத்தில் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார்கள்.

பெட்டியில் இருந்த உன் கடிதங்கள் நாற்பத்தாறையும் படித்துவிட்டேன். உன் எழுத்து எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பவரைப் போல முன்னால் சாய்ந்து போகிறது. குமாஸ்தா பல இடங்களைத் தாண்டிப் படித்திருக்கிறார். "அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை" என்று ஒருமுறை எழுதியிருக்கிறாய். அந்த வரி என்னிடம் வந்து சேர இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

போனில் பேசினால் எழுத்து துருப்பிடித்துவிடும், அதனால் சொந்தக்காரர்களோடு கடிதம்தான் என்று டீச்சர் சட்டம் போட்டிருக்கிறார். ஆகவே போன் செய்ய மாட்டேன். நீயும் செய்யாதே.

நூலகக் கதவில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். நானே படித்தேன். "புல்வெளியில் வானம்பாடி பார்க்கும் நாள். நடக்க முடியாதவர், பார்வை இல்லாதவர், காது கேளாதவர், வயதானவர் எல்லாரும் வரலாம். வேன் உண்டு. கட்டணம் இல்லை." அதையும் எங்கள் டீச்சர்தான் நடத்துகிறார். பார்த்த பறவையை நோட்டில் எழுத ஆள் வேண்டுமாம். என்னைக் கேட்டார். மில் வாசலில் நாற்பது வருஷம் காவல் இருந்தபோது, உள்ளே போகும் லாரிக்குச் சுவரில் ஒரு கோடு போட்டேன், வெளியே வரும் லாரிக்கு ஒரு கோடு போட்டேன். இப்போது எனக்கு ஒரு நோட்டு, ஒரு பேனா.

ஒரே ஒரு சந்தேகம். வேனுக்கு ஏன் கட்டணம் இல்லை?

உன் பதிலை எதிர்பார்த்து வாசலில் நிற்கும்
அண்ணன்

*

ஜனவரி 30

அன்புள்ள அண்ணாவுக்கு, தங்கை. நான் சுகம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதம் வந்த அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. முதல் வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாய். ஆறு தரம் ஆயிற்று. அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கும் உன்னை மில்லுக்கும் அனுப்பிய நாளிலிருந்து என் நெஞ்சில் கிடந்த ஒரு கல் கொஞ்சம் நகர்ந்தது.

வேன் விஷயம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருக்கப்போகிறது. நடக்க முடியாதவர், கண் தெரியாதவர், வயதானவர் என்று தேடிப் பிடித்து ஆள் சேர்க்கிறார்கள் என்றால், எதிர்த்து ஓட முடியாதவர்களாகப் பார்த்துச் சேர்க்கிறார்கள் என்று அர்த்தம். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. எழுத வந்துவிட்டது என்பதற்காகக் கண்டதிலும் கிறுக்காதே. டிக்கெட் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள் சொல்கிறேன், சிரித்துக்கொண்டே வருகிறவன்தான் செல்லாத நோட்டை நீட்டுவான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை

*

பிப்ரவரி 10

என் தங்கைக்கு, அண்ணன் நலம். உன் நலம் பற்றி எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

இந்தக் கடிதத்தை எழுதியது யார்? உன் எழுத்து சாய்ந்து நடக்கும். இது பட்டாளத்துக்காரன் மாதிரி விறைப்பாக நிற்கிறது. வார்த்தையெல்லாம் உன்னுடையது, கை வேறு. லாரி நம்முடைய லாரி, ஓட்டி வருகிறவன் புது ஆள் என்றால் நான் கேட்டைத் திறந்ததே இல்லை. பதில் சொல்.

இனி வேன். யாரும் எதிலும் கையெழுத்துக் கேட்கவில்லை. அதுவே எனக்கு இடித்தது. பன்னிரண்டு பேர் வந்தார்கள். எனக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு லாரி மெக்கானிக். மேலே விழுந்த என்ஜின் இரண்டு காலையும் வாங்கிக்கொண்டது. "பெருசு, எனக்கு நாலு சக்கரம், உங்களுக்கு ரெண்டு காலு. யாரு முன்னாடி போறதுன்னு பாப்போமா?" என்றார். பலகை போட்ட பாதையில் என்னை முந்தியும் போனார்.

இந்தப் பக்கம் ஓர் அம்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எக்ஸ்சேஞ்சம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். இரண்டு கண்ணும் தெரியாது.

புல்வெளியில் ஒரு மணி நேரம் நின்றோம். புல், காற்று, மறுபடி புல். திடீரென்று எக்ஸ்சேஞ்சம்மா கையைத் தூக்கி, "ஷ்! வானம்பாடி பாடுது" என்றார். மற்ற எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தோம். ஒன்றும் இல்லை. புல்லின் சத்தத்துக்குள் ஏதோ கிறுகிறு என்று கேட்ட மாதிரி இருந்தது. அது மெக்கானிக்கின் சக்கரமாகவும் இருக்கலாம்.

"தாத்தா, எழுதுங்க. வானம்பாடி, ஒண்ணு" என்றார் டீச்சர்.

"யாரு பாத்தது?" என்றேன்.

"அம்மாவுக்குக் கேட்டுச்சே."

"கேட்டது வேற, பாத்தது வேற. கண்ணால பாக்காத எதுக்கும் நான் கோடு போட்டது இல்ல."

நோட்டை மூடிவிட்டேன். எக்ஸ்சேஞ்சம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், யாரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்று டீச்சரும் அந்த அம்மாவும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள்.

உன்னையும் சேர்த்து எல்லாரையும் சந்தேகப்படும்
அண்ணன்

*

மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு, தங்கை எழுதச் சொல்லி எழுதுவது.

ஆமாம், காவல்கார ஐயா. வலது மணிக்கட்டில் வலி, பேனா பிடிக்க முடியவில்லை. கீழ் வீட்டுத் தையல்காரி நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நல்ல பெண். மெஷினை நிறுத்திவிட்டு எனக்காக மாடி ஏறி வருகிறாள். வலி தவிர நான் சுகம். நேற்றுகூடப் போர்வை நான்கையும் நானே துவைத்துப் பிழிந்து காயப்போட்டேன்.

அந்த எக்ஸ்சேஞ்சம்மாவிடம் நீ அப்படிப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் எப்படி வந்தார்? வீட்டிலிருந்து யாராவது கூட்டி வந்தார்களா, தனியாகவா? பலகைப் பாதையின் ஓரம் அவருக்கு எப்படித் தெரிகிறது? வீட்டில் அடுப்பு யார் பற்ற வைக்கிறார்கள்? பிறவியிலேயே இப்படியா, நடுவில் வந்ததா? நடுவில் என்றால் எத்தனை வயதில்? கேட்டு எழுது.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.
உன் தங்கை

*

மார்ச் 15

என் தங்கைக்கு, நான் நலம். மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன். பேனா பிடிக்க முடியாத மணிக்கட்டு நான்கு போர்வையைப் பிழிந்திருக்கிறது. அது உன்னைவிட நலமாகத்தான் இருக்க வேண்டும்.

பறவையைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேனைப் பற்றியும் கேட்கவில்லை. முன்பின் பார்க்காத ஓர் அம்மாவின் அடுப்பைப் பற்றி ஏன் கேட்கிறாய்?

இருந்தாலும் கேட்டேன். அவர் என்னோடு பேசுவதில்லை, அதனால் மெக்கானிக் வழியாகக் கேட்டேன். பஸ்ஸில் தனியாகத்தான் வருகிறார். பலகையின் ஓரத்தைத் தடி சொல்லிவிடும். அடுப்பை அவரே பற்ற வைக்கிறார். பார்வை நடுவில்தான் போயிற்று, ஐம்பத்திரண்டு வயதில்.

இரண்டாம் முறையும் போனோம். மறுபடியும் அந்த அம்மா கையைத் தூக்கினார். மறுபடியும் வானத்தில் ஒன்றும் இல்லை. மறுபடியும் நான் எழுதவில்லை. "பெருசு, அது என்ன உங்க மில்லு கேட்டா? பறவ என்ன சரக்கேத்திட்டு வந்து உங்ககிட்ட சீட்டு காட்டுமா?" என்றார் மெக்கானிக். எல்லாரும் சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "ஏன் தாத்தா, சத்தத்த வச்சு இன்ன லாரி வருதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியும். தெருமுனை திரும்புவதற்குள் எந்த லாரி, எந்த டிரைவர் என்று சொல்லிவிடுவேன். ஆனால் கண்ணில் பட்ட பிறகுதான் கோடு. அதை அவரிடம் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே அது அவ்வளவு கெட்டியான பதிலாகத் தோன்றவில்லை.

உன் கையால் ஒரே ஒரு வரி எழுது. கோணலாக இருந்தாலும் போதும்.
அண்ணன்

*

ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணாவுக்கு. சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வெளியூர் போயிருந்தேன். மணிக்கட்டு அப்படியேதான் இருக்கிறது. வேறு செய்தி இல்லை.
உன் தங்கை

*

மே 5

என் தங்கைக்கு, அண்ணன் நலம்.

எந்த வெளியூர்? அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்து உனக்கு இருப்பது நான் ஒருவன். நீ இங்கே வரவில்லை.

சரி, அது கிடக்கட்டும். நான் வானம்பாடியைப் பார்த்துவிட்டேன்.

மூன்றாவது முறை. காற்று அசையவில்லை. எக்ஸ்சேஞ்சம்மா எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, "காவக்காரரே, உங்க கைய இப்படிக் குடுங்க" என்றார். கொடுத்தேன். என் ஆள்காட்டி விரலைத் தன் விரலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நீட்டினார். "இப்பதான் புல்ல விட்டுக் கெளம்புது. ஏறுது. இன்னும் ஏறுது. நின்ன எடத்துலயே நின்னு பாடுது. விரல் நுனியப் பாருங்க." விரல் நுனியில் ஒரு புள்ளி. மிளகு அளவுகூட இருக்காது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம்! "இப்ப பாட்ட நிறுத்தும் பாருங்க. நிறுத்துனா விழும்" என்றார். நிறுத்தியது. கல்லைப் போட்டது போல நேராகப் புல்லுக்குள் விழுந்தது. ஒரு தடவைகூட அவர் விரல் பிசகவில்லை.

எழுதினேன். வானம்பாடி, ஒன்று. முதல் இரண்டு நாளுக்கும் சேர்த்து எழுதினேன். அந்த அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டேன். "இப்பவும் நீங்க கண்ணால பாத்துட்டுத்தானே எழுதுறீங்க" என்றார். அந்தக் குத்து சரியான இடத்தில்தான் விழுந்தது.

திரும்பும்போது வேனில் பக்கத்தில் உட்கார்ந்து நிறையப் பேசினார். பார்வை மங்க ஆரம்பித்ததும் இரண்டு வருஷம் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம். "என்னென்ன பொய் சொன்னேன் தெரியுமா? தலவலின்னேன். கண்ணாடி ஒடஞ்சுபோச்சுன்னேன். கையெழுத்து கேட்டா கை சுளுக்குன்னேன்" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

இந்தத் தாளின் பின்பக்கம் முழுக்க உனக்காக வானம்பாடியை வரைந்திருக்கிறேன். தலையில் சின்னக் கொண்டை இருக்கும். அது சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

அண்ணன்

*

மே 22

அன்புள்ள அண்ணாவுக்கு, தங்கை. நான் சுகம்.

பறவையைப் பார்த்துவிட்டாய், சந்தோஷம். படம் மிக நன்றாக இருக்கிறது. கொண்டை கன கச்சிதம். நீ இவ்வளவு அழகாக வரைவாய் என்று தெரியாமல் போயிற்று.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தூக்கம் வருகிறதா? சாவியை எங்கே வைத்தோம், அடுப்பை அணைத்தோமா என்றெல்லாம் தடுமாற்றம் ஏதும் உண்டா? போகும் வழி எல்லாம் நினைவில் இருக்கிறது அல்லவா? தப்பாக நினைக்காதே. வயதாகிறது, அதனால் கேட்கிறேன்.

உன் தங்கை

*

மே 29

என் தங்கைக்கு.

தாளின் பின்பக்கம் நான் ஒன்றும் வரையவில்லை. அது வெறும் தாள்.

உன் கண்ணுக்கு என்ன?

அண்ணன்

*

ஜூலை 8

அண்ணா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தினமும் தையல்காரியைக் கூப்பிட்டு உட்கார வைப்பேன். "சொல்லுங்கக்கா" என்பாள். "நாளைக்குப் பாக்கலாம்" என்று அனுப்பிவிடுவேன். இன்று அவள் எழுந்து போக மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

படம் இல்லை என்று இவள் அன்றைக்கே சொன்னாள். தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்பக்கம் வெறுந்தாளுக்கா" என்றாள். நீ வரையாமலே வரைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாய், உனக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். "அண்ணன் மனசு நோகக் கூடாது, நல்லா இருக்குன்னே எழுது" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் அழுதேன். நீ எனக்குப் பொறி வைத்திருக்கிறாய். எனக்குக் கண் இருந்திருந்தால் நானே தாளைத் திருப்பிப் பார்த்து, இது அண்ணனின் திருட்டு வேலை என்று கண்டுபிடித்து, நாலு திட்டு எழுதியிருப்பேன்.

கண்ணில் அழுத்தமாம். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்கள். ஏப்ரலில் போன வெளியூர், பெரிய ஆஸ்பத்திரி. சன்னல் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. சன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

டாக்டர் இதைச் சொல்லிப் பத்து நாள்கூட ஆகவில்லை, உன் முதல் கடிதம் வந்தது. கவரின் மேல் என் விலாசம் ஒவ்வோர் எழுத்தும் ஒரு செங்கல் அளவுக்கு இருந்தது போல, அது மட்டும் எனக்கே தெரிந்தது. உள்ளே இருந்ததைப் படிக்க முடியவில்லை. தையல்காரி வாசித்தாள். "முதல் வரியை இன்னொரு தரம் படித்துப் பார்" என்று நீ எழுதியிருந்தாய். ஆறு தரம் என்றேனே, ஆறும் இவள் வாசித்ததுதான். நான் எழுதுவதை நீயே படிக்க வேண்டும் என்று எழுத்துக் கற்றாய். நீ எழுதுவதை நான் படிக்க முடியாது என்று எந்த வாயால் சொல்வேன்?

நீ ஒரு வரி கேட்டாய். இதற்குக் கீழே இருப்பது நான் எழுதியது. வரி பிசகாமல் இருக்க ஓர் அட்டையை வைத்துப் பிடித்துக்கொண்டு எழுதினேன். படிக்க முடியாவிட்டால் தையல்காரியின் மேல் பழி போடாதே.

அண்ணா கோபமா

*

ஜூலை 15

என் தங்கைக்கு.

கோபம்தான். நேரில் வந்து கோபித்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை காலை ரயிலில் ஏறுகிறேன், சாயங்காலம் உன் வீட்டில் இருப்பேன். மாற்றுத் துணி நாலு எடுத்து வை. உன்னைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன். அடுத்த ஞாயிறு புல்வெளிக்கு வேன் போகிறது, உனக்கும் சேர்த்து இடம் சொல்லிவிட்டேன். ஓநாய், ஆடு என்றெல்லாம் பேசக் கூடாது.

உன் வரி நன்றாகவே புரிந்தது. இன்னும் சாய்ந்துதான் நடக்கிறது.

தையல்கார அம்மாவுக்கு: நீங்கள் இதை வாசிக்கும்போது அவள் அழுதால் வாசிப்பதை நிறுத்த வேண்டாம்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணாவுக்கு, தங்கை. பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ ரயிலில் ஏற்றிவிட்டுப் பெட்டிக்குள் இருந்தவர்களிடமெல்லாம் என்னை ஒப்படைத்துவிட்டுப் போனதில், எட்டு மணி நேரமும் ஆளுக்கு ஆள் "தண்ணி வேணுமா, பாத்ரூம் போணுமா" என்று கேட்டு என்னைத் தூங்க விடவில்லை. எக்ஸ்சேஞ்சம்மா கொடுத்த தடி உபயோகமாக இருக்கிறது. நேற்று தனியாகக் கீழே இறங்கித் தையல்காரியின் கடை வரை போனேன். "அய்யோ அக்கா!" என்று கத்தினாள். எதற்குக் கத்தினாள் என்று தெரியவில்லை, ஊசி குத்தியதாகச் சொல்கிறாள். இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்.

நீ கேட்காமலே ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

அன்றைக்குப் புல்வெளியில் காற்று கிழித்துக்கொண்டு அடித்தது. காதில் காற்றைத் தவிர ஒன்றும் விழவில்லை. நீ பக்கத்தில் நின்று, "கேக்குதா? கேக்குதா?" என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தாய். உன் மூச்சு என் கன்னத்தில் பட்டது. கடைசியில் "கேட்டுச்சுண்ணா" என்றேன். உடனே நீ "எனக்கும் கேட்டுச்சு!" என்று கத்திவிட்டு நோட்டைத் திறந்தாய். உன் கை தாளில் ஓடுவது என் தோளில் உரசித் தெரிந்தது. இரண்டு பேர் பெயரையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாய். உன் மெக்கானிக் மட்டும் என்னவோ இருமினார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அண்ணா. பொய் சொன்னேன். இனிமேல் உன்னிடம் அது வேண்டாம் என்று தோன்றுகிறது. என் பெயரை அடித்துவிடு.

ரயிலில் உட்கார்ந்து இன்னொன்றும் யோசித்தேன். எக்ஸ்சேஞ்சம்மா எனக்கு இந்தப் பக்கம் கையெட்டும் தூரத்தில்தான் நின்றார். பறவை பாடியிருந்தால் முதலில் அவருக்குத்தான் கேட்டிருக்கும். அவர் வாயே திறக்கவில்லை. பன்னிரண்டு பேரில் ஒருவரும் திறக்கவில்லை. அப்படியென்றால் உனக்கு மட்டும் என்ன கேட்டது? கண்ணால் பார்க்காத லாரிக்கு நாற்பது வருஷத்தில் ஒரு கோடு போடாத மனுஷன் நீ.

உண்மையை எழுது. நான் நினைப்பதுதான் என்றால், உன் பெயரையும் சேர்த்து அடித்துவிட்டு, காற்று இல்லாத ஞாயிறாகப் பார்த்து வேனில் இரண்டு இடம் சொல்லி வை. நான் தனியாக ரயில் ஏறி வருகிறேன்.

உன் தங்கை